நான் சொன்னது தப்பு என்று சொன்னவர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக மறைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம்தான். இத்தனை வருடம் கழித்தும் ஆறாத கோபம். ஒரு காலத்தில், எனக்குப் பெண் பிறந்தால் அந்தப் பெயரைத்தான் வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். பெண்ணும் பிறந்தது. வேறு பெயர் வைத்தேன்.

எதையும் பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய பழக்கம். போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஹோட்டலில் தோசை வந்து விழுந்ததும் நம்மைப் போல் விண்டு வாயில் போட மாட்டார். "சட்னியில உப்பு குறைவா இருக்கும்னு சொல்றேன்" என்று முதலில் அறிவிப்பார். அப்புறம்தான் தொட்டுப் பார்ப்பார். உப்பு சரியாக இருந்துவிட்டால் லாட்டரி விழுந்த மாதிரி முகம் மலர்ந்துவிடும். "டீச்சர், நான் சொன்னது தப்பு" என்பார் என்னிடம். பரிமாறுகிறவர் பதறிப்போய், "சட்னி நல்லா இல்லீங்களா?" என்று கேட்பார். "நல்லா இருக்குங்க. அதத்தான் சொல்றேன்" என்பார் இவர். அந்த மனிதர் கடைசிவரை எங்கள் மேசைக்குப் பயந்து பயந்துதான் வந்தார்.

மழைக்காலத்தில் மலை ஏறி வரும்போதும் இதே கதைதான். ஜீப் இறக்கிவிடும் இடத்திலிருந்து என் பள்ளிக்கூடம் வரை ஏலச்செடிகளுக்கு நடுவே நடந்துதான் வர வேண்டும். வழியெல்லாம் அட்டைகள். "இன்னைக்கு இடது கால்லதான் அதிகம் ஏறும்" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் அடி எடுத்து வைப்பார். வந்து சேர்ந்ததும் வாசலில் நின்று சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பிள்ளைகளை எண்ணச் சொல்வார். வலது காலில் அதிகம் இருந்துவிட்டால் பள்ளிக்கூடமே ஒரே குரலில், "நீங்க சொன்னது தப்பு" என்று கத்தும். இவரும் சேர்ந்து கத்துவார். சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு நான்தான் ஓட வேண்டும்.

படித்தவர்கள், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள், 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதே கிடையாது. எங்கள் அப்பா சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வரும் அதிகாரிகள் சொன்னதில்லை. இவரோ சோற்றுக்கு ஊறுகாய் மாதிரி அதைத் தொட்டுக்கொண்டே இருந்தார். அதில்தான் நான் விழுந்தேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. எனக்கு ஊர் ராசிங்காபுரம். வேலை, போடிமெட்டுச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஏலத்தோட்டத்தில் இருந்த ஓராசிரியர் பள்ளியில். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரு டீச்சர். வாரம் முழுக்கப் பள்ளியை ஒட்டிய அறையில் தங்கிவிட்டு, சனிக்கிழமை ஜீப் பிடித்துப் போடியில் இருந்த அண்ணன் வீட்டுக்கு இறங்குவேன். அண்ணன் ஏலக்காய் ஏல மையத்தில், விற்பனைக்கு வரும் காயை லாட் லாட்டாகக் கூப்பிட்டு ஏலம் விடுகிறவர். இவர் மதுரையில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். மலைப் பள்ளிகளை ஆராய்ச்சி செய்ய அனுப்பியிருந்தார்கள். போடியிலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தனியாக இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். தோட்டத்துப் பெண்களுக்கு நான் டீச்சரு, அவர் பெரிய டீச்சரு.

அவருக்கு முன்னாலும் ஆராய்ச்சி செய்ய ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஜீப்பில் வருவார்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள், கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள், போவார்கள். போனால் போனதுதான். இவர் முதல்முறை வந்தபோது, என்னிடம் படித்த செல்வியின் அம்மா பேச்சியம்மா காய் எடுக்கும் கூடையோடு வந்து வாசலில் நின்றாள்.

"ஏன் டீச்சரு, போன மழைக்கு வந்து கேட்டுட்டுப் போனாகளே, அது என்னாச்சுன்னு இவுகளுக்குத் தெரியுமா?"

இவருக்குத் தெரியவில்லை. அசடு வழியச் சிரித்துச் சமாளித்திருக்கலாம். செய்யவில்லை. "தெரியலம்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றார். உண்மையாகவே மதுரைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"டீச்சர், மலைப் பிள்ளைங்களை வச்சு எத்தனையோ பேர் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. நினைச்ச மாதிரி வந்ததை மட்டும் அச்சடிச்சிருக்காங்க. நினைச்ச மாதிரி வராததெல்லாம் மூட்டை கட்டி மூலையில கிடக்கு. சில பேர், வந்ததைப் பார்த்துட்டு இதைத்தான் நாங்க தேடினோம்னு கேள்வியையே மாத்தியிருக்காங்க."

"அதுக்கு என்ன பண்றது மேடம்?" என்றேன். எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தானே என்று நினைத்தேன்.

என்ன செய்வது என்பது அவருக்கு ஏல மையத்தில்தான் பிடிபட்டது. ஒருநாள் வேடிக்கை பார்க்க வருகிறேன் என்றார், அண்ணனிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். வியாபாரிகள் முன்னால் தட்டுத் தட்டாக மாதிரிக் காய் போகும். கையில் அள்ளிப் பார்த்து, கடித்துப் பார்த்து, மிச்சத்தைத் தரையில் போடுவார்கள். தரை பச்சையாக இருக்கும். இவர் காயைப் பார்க்கவே இல்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த லாட், யாருடையது, எத்தனை மூட்டை என்று ஏலத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்கும். விலை பிறகு ஏறும். விலை போகாத லாட்டையும் அண்ணன் உரக்கக் கூப்பிட்டார்.

"போகாததையும் எதுக்குங்க கூப்பிடுறீங்க?" என்று கேட்டார் இவர்.

"கூப்பிடாம விட்டா அப்படி ஒரு லாட்டு வந்ததே இல்லன்னு ஆயிருமேம்மா" என்றார் அண்ணன்.

அன்று முழுவதும் அவர் காபிகூடக் குடிக்கவில்லை. அடுத்த மாதம் போடி நூலகத்தின் வெளிச்சுவரில் ஒரு பெரிய தகரப் பலகை ஏறிவிட்டது. கறுப்பு அடித்த தகரம், வெள்ளை எனாமல் எழுத்து. போடி மலைப் பள்ளிகளில் யார் எந்த ஆராய்ச்சி செய்ய வந்தாலும், பிள்ளைகளைத் தொடுவதற்கு முன் அதில் நாலு வரி எழுதிவிட வேண்டும். என்ன கேள்வி, என்ன வரும் என்று நினைக்கிறீர்கள், எதை அளப்பீர்கள், முடிவு. முடிவு என்ற வரி காலியாக இருக்கும். வந்த பிறகு நிரப்ப வேண்டும். நல்லதோ கெட்டதோ, ஒன்றுமே தெரியவில்லையோ, அதை எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்காகச் சந்தை நாளில் அண்ணன் பலகை முன்னால் நின்று ஏலக் குரலிலேயே படித்துக் காட்டுவார். அவருக்கு அதில் தனிச் சந்தோஷம்.

அண்ணன்தான் ஒரு சந்தேகமும் கேட்டார். "ஏலத்துல ஒரு வழக்கம் இருக்கும்மா. விலையைக் கேட்ட பெறகு கட்டுப்படலன்னா, லாட்டுக்காரரு திரும்ப எடுத்துக்கிறலாம். உங்க பலகையில அது உண்டா?"

"என் பலகையில அது கிடையாதுண்ணே" என்றார் இவர். சிரித்துக்கொண்டே சொன்னாலும் உறுதியாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த உறுதியை ஒரு பையன் விஷயத்தில் கண்ணால் பார்த்தேன். பையன் என்றால் ஆராய்ச்சி மாணவர், மீசை வைத்தவர். பாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் வாய்பாடு வேகமாக வரும் என்று பலகையில் எழுதிவிட்டு மலை ஏறினார். வரவில்லை. பாட்டு வந்தது, வாய்பாடு வரவில்லை. சத்தமில்லாமல் ரயில் ஏறப் போனவரை ஸ்டேஷனுக்கே போய்ப் பிடித்து வந்தார் இவர்.

"மேடம், இதை எழுதினா என் படிப்பு போயிரும்" என்று அந்த ஆள் கண் கலங்கினார்.

"போகாது. உங்க ப்ரொபசர்கிட்ட நான் பேசுறேன். நீங்க எழுதுங்க. பாட்டால வரலைங்கறதும் ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயந்தான்."

எழுத வைத்தார். மதுரைக்குப் போய் ப்ரொபசரிடம் பேசியும் விட்டார். பலகைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் அந்த ஆளுக்கு டீ கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு இவரைக் கும்பிடலாம் போல இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படித்தான் இருந்தது.

இன்னொரு பழக்கம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஒரு பிள்ளை வாசிக்க ஆரம்பித்தால் கை தானாகப் பின்னால் போகும், பென்சிலை உருவும், தடுக்கும் இடத்தில் எல்லாம் ஒரு சின்னக் கோடு போடும். செல்வி வாசித்தால் மட்டும் பென்சில் அந்தரத்தில் நிற்கும். பேச்சியம்மாவின் மூத்த பெண் அவள், அப்போது ஒன்பது வயது. எங்கள் அறையில் ஐந்து வகுப்பும் ஒன்றாக இருந்ததால் பெரியதுகள் சின்னதுகளுக்கு வாசித்துக் காட்டும், சின்னதுகள் தங்கள் வகுப்பைவிடப் பெரிய பாடத்தை எட்டிப் பிடிக்கும். வேறு வழியில்லாமல் வந்த பழக்கம். செல்வி கையில் கிடைத்த எதையும் வாசிப்பாள், மூட்டையில் அச்சடித்திருப்பது உட்பட. "சரளமா வாசிக்கிறா டீச்சர்" என்பார் இவர், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல.

இப்போது அவருடைய சொந்த ஆராய்ச்சிக்கு வருகிறேன். மலையில் இருக்கும் சின்னப் பள்ளிகளை மூடிவிட்டு, பிள்ளைகளைப் போடியில் ஒரு விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கலாமா என்று மேலே ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சில தோட்டத்துப் பிள்ளைகளை மட்டும் ஒரு வாடகை வீட்டில் விடுதியாக வைத்துப் பார்த்தார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் மாட்டோம் என்றார்கள். பிள்ளையை மாதத்துக்கு ஒருநாள்தான் பார்க்க முடியும். பெண் பிள்ளையை அப்படி அனுப்ப மனசு வராது. பள்ளியை மூடினால் பாதிப் பெண் பிள்ளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு காய் எடுக்கத்தான் போகும் என்பது எனக்குத் தெரியும்.

இவர் எங்களிடம் வந்து, சண்டை வேண்டாம், பார்த்துவிடலாம் என்றார். பலகையில் எழுதினார். கேள்வி: தாய் தகப்பனோடு மலையில் இருந்து படிக்கும் பிள்ளை நன்றாக வாசிக்குமா, விடுதியில் இருந்து படிக்கும் பிள்ளை நன்றாக வாசிக்குமா? என் எண்ணம்: விடுதிப் பிள்ளை. எதை அளப்பேன்: வாசிப்பை மட்டும். அதற்குக் கீழே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தார். மலைப் பிள்ளை குறையவில்லை என்றால் மலைப் பள்ளி மூடப்படாது. கல்வி அதிகாரி ஒருவர் அன்று வந்து சபையில் அதற்குத் தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணன் படித்தார். பேச்சியம்மா மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கள் ஆட்கள் பிள்ளைகளை இரண்டு வருடம் அளக்க விட்டார்கள். இந்தப் பெரிய டீச்சர் சொன்னால் செய்வார் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னது நான்.

முடிவு வந்த அன்று அவர் மழையில் நனைந்துகொண்டு மேலே வந்தார். அட்டைகளை எண்ணக்கூட நிற்கவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நான் சொன்னது தப்பு. நான் சொன்னது சுத்தமா தப்பு. உங்க பிள்ளைங்கதான் நல்லா வாசிக்குதுங்க."

அழுதார். நானும் அழுதேன். பேச்சியம்மா அவள் வீட்டில் பாயசம் வைத்தாள். ஏலக்காய்க்கா பஞ்சம், கையளவு தட்டிப் போட்டிருந்தாள், தொண்டை எரிந்தது. அப்போதும் இவர், "பாயசத்துல ஏலக்காய் பத்தாதுன்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் குடித்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த சனம் முழுக்கச் சிரித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கிய இரவு கிடையாது.

முடிவு வரியை எழுத வேண்டிய பெயிண்டர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். காத்திருந்தோம். இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை இறங்கினேன். வீட்டுக்குக்கூடப் போக விடாமல் அண்ணன் பஸ் ஸ்டாண்டிலேயே வந்து நின்றார்.

"தங்கச்சி, வெரசா வா. பலகையப் பாரு."

மற்றவர்களுடைய ஆராய்ச்சி எல்லாம் அப்படியே இருந்தது. வாய்பாட்டுப் பாட்டுக்காரருடைய 'வரவில்லை' கூட இருந்தது. இவருடைய வரிகள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் புதுக் கறுப்பு பெயிண்ட் பளபளத்தது.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க டீச்சர்."

"பலகையில என்ன மேடம் அது?"

கையில் இருந்த புத்தகத்தைப் பெட்டியில் வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். விடுதிக்கு ஏற்கெனவே கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததாம். அது வேண்டாம் என்று சொல்லும் ஆராய்ச்சியை மேலே யாரும் விரும்பவில்லையாம். ஆனால் இவருடைய பலகை யோசனை அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். மெட்ராசில், மாநிலம் முழுவதற்கும், எந்தக் கல்வி ஆராய்ச்சியானாலும் முன்கூட்டியே பதிவு செய்து மக்கள் பார்க்க வைக்கும் ஒரு பதிவகம். அதை நடத்தும் பொறுப்பு இவருக்கு. இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தால்.

"அறிக்கையில வாசிப்பு இல்ல. எடை, சுத்தம், வருகை இதெல்லாம் வச்சு எழுதியிருக்கேன். அதுல விடுதிப் பிள்ளைங்க மேல. அது பொய் இல்ல டீச்சர். மூணு வேளை சாப்பாடு போடுறாங்க."

"வாசிப்ப மட்டும் அளப்பேன்னு எழுதினீகளே."

"எழுதினேன்."

"பள்ளிக்கூடத்த மூட மாட்டாகன்னு எழுதினீகளே."

"டீச்சர், ஒரு லாட்டை விட்டா எல்லா லாட்டுக்கும் பலகை கிடைக்குது. எத்தனை ஆயிரம் பிள்ளைங்க. கணக்குப் பண்ணிப் பாருங்க." அவர் குரல் கெஞ்சியது. "இந்த ஆராய்ச்சியை நான் திரும்ப எடுத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

அவருக்குக் கெட்ட மனசு என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்குச் சுலபம். அப்படி இல்லை. ஊர் பேர் தெரியாத ஆயிரம் பிள்ளைகளுக்காக, பேர் சொல்லிக் கூப்பிட்ட முப்பது பிள்ளைகளை விற்றார். அந்தப் பிள்ளைகளை அவர் கையில் பிடித்துக் கொடுத்தவள் நான். "நீங்க சொன்னது தப்பு" என்று மட்டும் எப்படியோ சொன்னேன். அதைக் கேட்டு அவர் முகம் மலராத ஒரே தடவை அதுதான்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் கோபப்படக்கூட இல்லை. "ஏலத்துல இது நடக்கிறதுதான தங்கச்சி. நாந்தான் அன்னைக்கே கேட்டேன்ல" என்றார். அதன் பிறகு சந்தை நாளில் அவர் பலகை முன்னால் நின்று படிக்கவில்லை.

அந்த ஜூனிலேயே பள்ளியை மூடினார்கள். தோட்டத்து ஆட்கள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சியம்மா மட்டும், "நீ என்ன ஆத்தா செய்வ, நீயுந்தான நம்புன" என்றாள். நான் பயந்தபடியே பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள் கூடை தூக்கப் போய்விட்டன. பேச்சியம்மா மட்டும் பிடிவாதமாகச் செல்வியை அனுப்பினாள். அவள் படிப்பு நின்றால் என் முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்தாளோ என்னவோ.

புது விடுதிக்குப் போகும் பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நானும் பேச்சியம்மாவும் இறங்கினோம். நூலக வாசலில்தான் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே இவர் நின்றிருந்தார், மறுநாள் மெட்ராஸ் போகிறவர், வரவேற்க. கொண்டையில் பென்சில். என்னைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தன, அதுகளுக்கு என்ன தெரியும்.

பேர் கூப்பிடும் வரை சும்மா நிற்கச் செல்விக்குத் தெரியாது. எழுத்தைக் கண்டால் வாசிக்க வேண்டும். பலகையை மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு ஆராய்ச்சியாக, தடுக்காமல், அண்ணனிடம் கேட்டுப் பழகிய ஏலக் குரலில். கறுப்புப் பூசிய இடம் வந்தது. நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். காலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. எனாமல் எழுத்து தடிப்பானது. மேலே பெயிண்ட் அடித்தாலும் மேடு மேடாகத் தெரியும். செல்வி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கேள்வி" என்று ஆரம்பித்தாள். "தாய் தகப்பனோடு மலையில் இருந்து படிக்கும் பிள்ளை நன்றாக வாசிக்குமா..."

டீக்கடையில் பேச்சு நின்றது. பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வி நிறுத்தவில்லை. எண்ணம், அளப்பது, எல்லாம் வாசித்தாள். கடைசி வரியையும் வாசித்தாள். மலைப் பிள்ளை குறையவில்லை என்றால் மலைப் பள்ளி மூடப்படாது. ஓரிடத்திலும் தடுக்கவில்லை. முடிந்ததும் வழக்கம்போல் திரும்பி, இவர் முகத்தைப் பார்த்தாள்.

இவருடைய கை அதற்குள் பின்னால் போயிருந்தது. பென்சில் விரலுக்கு வந்திருந்தது.

"சரளமா வாசிக்கிறா" என்றார், பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பென்சிலைக் கொண்டையில் செருகப் பார்த்தார். இரண்டு தடவை நழுவியது. செல்வி ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள்.